நான்கு மில்லிமீட்டர்

(இணையவழி இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை பதினொரு மணி. டொராண்டோவில் இருப்பவர்கள் விடிந்தும் விடியாமலும் எழுந்து வந்திருப்பீர்கள். சிட்னி நண்பர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் நைட் டியூட்டி முடித்து, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து வந்திருக்கிறேன். நடுவில் வார்த்தை தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் 'கை' என்ற ஒரு சொல்லைக் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள் என்றார்கள். நான் நர்ஸ் என்பதால் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கதை ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை நிறைய எழுதிவிட்டேன். இன்றைக்கு ஒரு பேஸ் கிட்டாரைப் பழுது பார்த்த கதையைச் சொல்கிறேன். இதில் என் மகள் வருகிறாள். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் பேசுகிறேன். ஒரு நிபந்தனை போட்டாள்: "நான் அழுதேன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் அழல." ஆகவே அவள் அழவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

நாங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள். நர்சிங் டிப்ளமோ படித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதத்தின் கடைசி ஞாயிறு ஒரு ஆங்கிலக் கோயிலைக் கேட்டு வாங்கி ஆராதனை நடத்துகிறோம். அங்கே ஒரு சிறிய பாடகர் குழு. கீபோர்டு உண்டு, டிரம்ஸ் உண்டு, பேஸ் வாசிக்க ஆள் இல்லை. என் மகளுக்கு அப்போது 13 வயது. "நான் வாசிக்கிறேன்" என்றாள். பழைய பேஸ் ஒன்றை 90 பவுண்டுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டில் அது தனியாகக் காதில் விழாது. நிறுத்தினால்தான் தெரியும். இளையராஜா பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டிருந்தால், குரலுக்குக் கீழே இன்னொரு பாட்டு நடந்து போவதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் பேஸ். நான்கு தடித்த கம்பிகள். தடித்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி என்று பெயர்.

முதல் ஆறு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு தொல்லை. மெல்லிய ஜி கம்பியில், ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே போகப் போக, அவள் விரல் அழுத்தும்போது கம்பி விளிம்பிலிருந்து வழுக்கிக் கீழே போய்விடும். 'டொக்' என்று ஒரு சத்தம். பாட்டின் நடுவே அந்த 'டொக்' வரும்போது முன்வரிசையில் இருக்கிற எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவனமா வாசி, மக்ளே." அடுத்த வாரம், "பிராக்டிஸ் பண்ணினாத்தானே வரும்." அதற்கடுத்த வாரம், "போனை வச்சிட்டு கிட்டாரை எடு." குழுவில் மூத்தவர் ஒருவர், நல்ல மனிதர், அவளைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்: "பெண்பிள்ளை கை, சின்ன விரல். இது பெரிய வாத்தியம். நீ கீபோர்டு படியேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன். சிரித்துவிட்டுத் தலையாட்டினேன். இன்றைக்கு எல்லாவற்றையும்விட அந்தத் தலையாட்டல்தான் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்காவில் கரோல் கே என்று ஒரு பெண்மணி. 1963-ல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வரவில்லை என்பதால், கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த அவர் பேஸைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களில் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தார். பீச் பாய்ஸ் பாடல்களில் கேட்பது பல இடங்களில் அவருடைய பேஸ். பெண் கை என்று அவருடைய கை ஒதுங்கிப் போகவில்லை. ஆனால் இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் மகளுக்கும் தெரியாது.

14 வயதில் அவள் அதைப் பெட்டியில் வைத்து மூடினாள். மாடிப்படிக்குக் கீழே, குடைகளுக்கும் வாக்குவம் கிளீனருக்கும் நடுவே, இரண்டு வருடம் கிடந்தது.

போன இலையுதிர் காலத்தில் அதை விற்றுவிடலாம் என்று வெளியே எடுத்தேன். விளம்பரத்துக்குப் படம் வேண்டுமே என்று சோபாவில் சாய்த்து வைத்து, நேர் எதிரே நின்று போனில் ஒரு படம் எடுத்தேன். படத்தைப் பார்த்தபோது ஏதோ கோணலாகப் பட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு கம்பிகளும் சேர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றன. தடித்த கம்பிக்கு வெளியே தாராளமாக இடம். ஜி கம்பி மட்டும் வரப்பின் ஓரத்தில் நடப்பவள் மாதிரி விளிம்பை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது.

எஃகு ஸ்கேலை எடுத்து வந்து அளந்தேன். கடைசி ஃப்ரெட்டின் அருகே, இ கம்பிக்கு வெளியே 8 மில்லிமீட்டர். ஜி கம்பிக்கு வெளியே 3 மில்லிமீட்டர்கூட இல்லை. ஃப்ரெட்டின் நுனியைக் கை கிழிக்காமல் இருக்கச் சரிவாகத் தேய்த்திருப்பார்கள். அந்தச் சரிவைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றரை மில்லி. அதில் யார் விரல் அழுத்தினாலும் கம்பி வழுக்கத்தான் செய்யும்.

கீழே பிக்கப் இருக்கிறது. கம்பியின் அசைவைப் பிடிக்கிற காந்தப் பகுதி. இந்த வகை பேஸில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு காந்தத் தலைகள். கம்பி அந்த இரண்டுக்கும் நடுவே போகவேண்டும். இங்கே ஜி கம்பி வெளிப்பக்கக் காந்தத்தின் தலைமேல் ஏறிப் போயிற்று. இரண்டு வருடமாக அது கண்ணெதிரே இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வார்டில் இதே தவறை நான் எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். ஒரு முதியவரின் குறிப்பேட்டில் 'சாப்பிட மறுக்கிறார்' என்று எழுதியிருக்கும். மூன்று நாள், மூன்று பேர் கையெழுத்து. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் பல்செட் தளர்ந்து ஈறு புண்ணாகியிருக்கும். 'நடக்க ஒத்துழைக்கவில்லை' என்று இருக்கும். வாக்கரின் உயரத்தைப் பார்த்தால் வேறு யாருக்கோ வைத்த உயரம். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது, "மறுக்கிறார்னு எழுதறதுக்கு முன்னால ஒரு தடவை அளந்து பார்." அதை எல்லாருக்கும் சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை.

விற்கிற எண்ணத்தை விட்டேன். கடையில் கொடுத்தால் கூலி கிட்டாரின் விலையைத் தாண்டும். நானே செய்வது என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால், கடையில் கொடுத்திருந்தாலும் எனக்கு மனசு ஆறியிருக்காது.

முதலில் கழுத்தைச் சந்தேகப்பட்டேன். நெக் என்கிற அந்த நீண்ட பகுதி உடலோடு நான்கு திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். பொருத்தும் குழியில் இடைவெளி இருந்தால் நெக் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். கம்பிகளைத் தளர்த்தி, திருகாணிகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, நெக்கை மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்தால் பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். காசு செலவில்லை. நான் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மூட்டு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது பிரிட்ஜ். கம்பிகள் உடலின் கீழ்ப்பக்கத்தில் வந்து உட்காரும் உலோகத் தகடு. வீணையில் கம்பிகளைத் தாங்கும் பகுதியை நாம் குதிரை என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் வயலினில் அதே பகுதியை ஷெவலே என்கிறார்கள். அதுவும் சிறு குதிரைதான். ஆங்கிலத்தில் பாலம் என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் அந்தப் பாலத்தின்மேல் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டுக்கு சேடில், அதாவது சேணம் என்று பெயர். குதிரை போய்விட்டது, சேணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்தச் சேணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் 1951-ல் கொண்டுவந்த பேஸுக்கு பிரிசிஷன் என்று பெயர். ஆள் உயர டபுள் பேஸில் சுரம் எங்கே இருக்கிறது என்று விரல்தான் தேடவேண்டும். இதில் ஃப்ரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும். அதனால் அந்தப் பெயர். அதில் நான்கு கம்பிக்கு இரண்டே சேணங்கள். இரண்டு இரண்டு கம்பிகள் ஒன்றில் சவாரி. ஒன்றைச் சரி செய்தால் பக்கத்துக் கம்பி கெடும். 1957-ல்தான் நான்கு கம்பிக்கும் நான்கு சேணங்கள் வைத்தார்கள். ஆளுக்கொரு அளவு வேண்டும் என்பது அந்தத் துல்லியமான வாத்தியத்துக்கே ஆறு வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

கம்பிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பிரிட்ஜில் பல வகையாக மாற்றலாம். சில பிரிட்ஜ்களில் சேணம் மறைத் தண்டு மாதிரி, மேலெல்லாம் நெருக்கமான வரிகளோடு இருக்கும். கம்பியை எந்த வரியில் வைக்கிறோமோ அங்கே நிற்கும். பலமாக மீட்டினால் பக்கத்து வரிக்குத் தாவிவிடும் என்பது அதில் ஒரு குறை. சிலவற்றில் சேணத்தில் சிறு உருளை இருக்கும். அதை இடமும் வலமும் நகர்த்திக்கொள்ளலாம். மூன்றாவது வகையில் ஒரே ஒரு பள்ளம்தான். நகர்த்த முடியாது. எங்களுடையது மூன்றாவது வகை.

அளந்தேன். நான்கு கம்பிப் பேஸில் பிரிட்ஜில் ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் 19 மில்லி இருக்கும். இதில் 20. ஒரு மில்லி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மூன்று இடைவெளிக்கும் சேர்த்து, 57 இருக்கவேண்டிய இடத்தில் 60. அதோடு பிரிட்ஜையே 4 மில்லி ஜி பக்கமாகத் தள்ளித் திருகியிருந்தார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ பழைய பிரிட்ஜைக் கழற்றிவிட்டுக் கண் மதிப்பில் இதைப் போட்டிருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்மேல் கோபமும் இல்லை. நானும் கண் மதிப்பில்தானே மகளுக்குத் தீர்ப்புச் சொன்னேன்.

19 மில்லி இடைவெளி உள்ள ஒரு பிரிட்ஜை வாங்கினேன். வேலையைத் தொடங்கினேன். கம்பிகளை ஒரேயடியாக அவிழ்க்கக்கூடாது. நான்கும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்தவேண்டும். கட்டு அவிழ்க்கிற மாதிரி.

பழைய பிரிட்ஜைக் கழற்றியபோது ஐந்து ஓட்டைகள். புதியதன் ஓட்டைகள் அவற்றிலிருந்து 4 மில்லி தள்ளி வரவேண்டும். அதாவது பழைய ஓட்டையின் விளிம்பிலேயே துளையிடவேண்டும். அப்படியே துளைத்தால் டிரில் பழைய ஓட்டைக்குள் சறுக்கிவிடும். பல்குத்தும் குச்சியைத் திணித்தால் போதாது. கெட்டியான மரக்குச்சியைப் பசை தடவி இறக்கி, ஒரு இரவு காயவிட்டு, மேல்மட்டத்துக்குச் சீவிவிட வேண்டும்.

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் ஒரு யாழை உறுப்பு உறுப்பாகப் பார்த்துச் சொல்கிறார். அதில் துளைகளை மூடும்படி இறுக்கிய ஆணிகள் வருகின்றன. வளையில் இருக்கிற நண்டின் கண்ணைப் போல இருக்கின்றன என்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இது எனக்கு வெறும் உவமை. அன்று இரவு சமையலறை மேசையில், அடைத்த ஐந்து ஓட்டைகளும் விளக்கு வெளிச்சத்தில் வட்ட வட்டமாக என்னைப் பார்த்தபோதுதான், அந்தப் புலவர் ஒரு யாழைக் கையில் வைத்துப் பார்த்தவர் என்று உறுதியாகப் பட்டது.

மறுநாள் துளையிடுவதற்கு முன் ஒரு காரியம். நெக்கின் மேல் நுனியில் கம்பிகள் தொடங்கும் இடத்திலிருந்து, இ கம்பிக்கு ஒன்று, ஜி கம்பிக்கு ஒன்று என்று இரண்டு தையல் நூலைப் பிடித்துக் கீழே பிரிட்ஜ் வரை இழுத்து ஒட்டினேன். இரண்டு நூலுக்கும் வெளியே ஃப்ரெட்போர்டின் விளிம்பு வரை சம அளவு இடம் வரும்வரை பிரிட்ஜை நகர்த்தினேன். நூல்கள் காந்தத் தலைகளின் நடுவே போகின்றனவா என்று பார்த்தேன். பிறகு நீளம். மேல் நுனியிலிருந்து சேணம் வரை 864 மில்லி, அதாவது 34 அங்குலம். பன்னிரண்டாவது ஃப்ரெட் அதில் சரிபாதி. சேணம் முன்னும் பின்னும் நகர இடம் விட்டுக் குறி வைத்தேன். டிரில் முனையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு ஒட்டுப்பட்டை சுற்றினேன். திருகாணியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து முறுக்கினேன்.

எல்லாம் முடித்து ஆம்ப்ளிஃபையரில் சொருகினால் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டாலும் அடங்கவில்லை. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு செப்புக் கம்பி வரும். எர்த் ஒயர். அது தகட்டைத் தொட்டால்தான் இரைச்சல் அடங்கும். மரத்தைத் தேய்த்துச் சுத்தம் பண்ணும்போது அதை அதன் ஓட்டைக்குள்ளேயே தள்ளிவிட்டிருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் தைத்து மூடுவதற்கு முன் பஞ்சை எண்ணுகிற பழக்கம் உள்ளவள் நான். இங்கே எண்ணவில்லை. மறுபடி ஐந்து திருகாணியையும் கழற்றினேன்.

கம்பி போட்டுச் சுருதி சேர்ப்பது கடைசி வேலை. கம்பியின் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். வழக்கமான செட்டில் மெல்லியது 45, தடித்தது 105. ஊசியில் எண் கூடக் கூட மெல்லியதாகும். இங்கே எண் கூடக் கூடத் தடிக்கும். பிறகு ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே லேசாகத் தொட்டு மீட்ட வேண்டும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுரமாக இருக்கவேண்டும். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் சேணத்தைப் பின்னால் நகர்த்து. குறைந்தால் முன்னால். நான்கு கம்பிக்கும் நான்கு வெவ்வேறு இடத்தில் சேணம் நின்றது. அதுதான் சரி.

அளந்தேன். ஜி கம்பிக்கு வெளியே ஆறு மில்லிக்குச் சற்று மேல். இ கம்பிக்கு வெளியேயும் அதே.

மகளை மாடியிலிருந்து கூப்பிட்டேன். இப்போது அவளுக்கு 16. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "மக்ளே, ஒரு நிமிஷம் இதை வாங்கு. ஜி கம்பியில மேல போ."

போனாள். ஏழாவது ஃப்ரெட், ஒன்பது, பன்னிரண்டு. வழுக்கவில்லை. திரும்பக் கீழே வந்து மறுபடி போனாள். மூன்றாவது தடவை வேண்டுமென்றே கம்பியை வெளிப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். நின்றது.

நான் பழைய படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். 20, 19, 60, 57, 4 மில்லி. அவள் கேட்டுவிட்டு, கிட்டாரைப் பார்க்காமல் தன் இடது கையை விரித்துப் பார்த்தாள். "அப்போ என் கைமேல தப்பு இல்ல, இல்லியா?" என்றாள்.

"இல்ல மக்ளே. ஒருநாளும் இல்ல. அம்மாதான் பார்க்காம சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிரு."

"சரி" என்றாள். கிட்டாரை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மேலே படிக்கப் போய்விட்டாள். அவள் அழவில்லை. அழுதது வேறு ஆள்.

இந்த இடத்தில் அவள் மறுபடி பேஸ் வாசிக்க வந்தாள், கோயிலே கைதட்டியது என்று முடித்தால் உங்களுக்கும் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவள் குழுவுக்குத் திரும்பவில்லை. நான் கேட்கவும் இல்லை. 13 வயதில் ஒருத்திக்கு இருந்த ஆசை 16 வயதில் அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்காது. பிரிட்ஜை நகர்த்தலாம், அந்த இரண்டு வருடத்தை எங்கே நகர்த்த? மூத்தவரிடம் மட்டும் அந்தப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் அந்தப் பிள்ளைகிட்ட பேசணும்" என்றார். பேசினார்.

இப்போது கடைசி ஞாயிறுகளில் நான்தான் பேஸ் வாசிக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிக் கற்றுக்கொள்கிற கை. சுமாராகத்தான் வருகிறது. தப்பு வந்தால் அது என் தப்பு என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அளந்திருக்கிறேன்.

இன்னொன்று. சில நாள் நைட் டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்தால், சுவரில் நான் சாய்த்து வைத்த மாதிரி கிட்டார் இருக்காது. கொஞ்சம் திரும்பி இருக்கும். யார் எடுத்தது என்று நான் விசாரிப்பதில்லை.

உங்களில் பலருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் எழுத வரவில்லை, மேடையில் பேச வரவில்லை, கணக்கு வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்போம். வராமலும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், அவர்கள் கையில் நாம் கொடுத்த வாத்தியத்தை ஒரு தடவை நேர் எதிரே நின்று பாருங்கள். ஒரு ஸ்கேல் போதும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தூக்கம் வருவதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன்.